காலேஜ் எலெக்சன் எதுக்கு? மாணவர் பேரவை வந்த கதையும் பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டிய விதிகளும்

காரைக்கால்:-

"படிக்கப் போறியா, பாலிடிக்ஸ் பண்ணப் போறியா?"

காரைக்கால் பகுதியில் பிள்ளைகளை கல்லூரிக்கு அனுப்பும் வீடுகளில் இந்தக் கேள்வி கேட்காத வீடு குறைவு. மகனோ, மகளோ வீட்டுக்கு வந்து "அப்பா, நான் எலெக்சன்ல நிக்கப் போறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கிளிஞ்சல்மேட்டில் வலை பின்னுகிற அப்பாவாக இருந்தாலும் சரி, திருநள்ளாறு கடைவீதியில் பூ கட்டுகிற அம்மாவாக இருந்தாலும் சரி, வருகிற பதில் ஒன்றுதான்.

"எதுக்குடா வம்பு? போனோமா, படிச்சோமான்னு வா."

இந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கடன் வாங்கி பீஸ் கட்டுகிற வீட்டில், பிள்ளை மேல் ஒரு கேஸ் விழுந்தால் அதோடு எல்லாம் போச்சு என்ற கவலை இருக்கத்தான் செய்யும்.

ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. திடீர்னு பீஸ் ஏறுகிறது. ஹாஸ்டல் சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை. பஸ் இல்லை. இதையெல்லாம் யார் போய் கேட்பது? தனியாகப் போய் கேட்கிற பையனுக்கு 'பிரச்சினை பண்றவன்' என்று பெயர். ஓட்டு வாங்கி வந்தவன் அதையே கேட்டால் அவனுக்கு 'பிரதிநிதி' என்று பெயர்.

இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் உலகம் முழுவதும் மாணவர் பேரவை என்ற ஒன்றை வைத்திருக்கிறார்கள். இது எங்கே தொடங்கியது? நம்ம பக்கத்தில் எப்படி வந்தது? இப்போது என்ன விதி? இதுபற்றிய விவரம் வருமாறு:-

பேரவை வேற, சங்கம் வேற

முதலில் ஒரு குழப்பத்தை தீர்த்துவிட வேண்டும். கொடி பிடித்துக்கொண்டு வரும் மாணவர் சங்கம் வேறு. மாணவர் பேரவை வேறு.

எஸ்.எப்.ஐ., ஏ.பி.வி.பி., என்.எஸ்.யு.ஐ. போன்றவை மாணவர் சங்கங்கள். விருப்பம் உள்ளவர் சேரலாம். இவற்றுக்குப் பின்னால் ஒரு கொள்கை இருக்கும். பெரும்பாலும் ஒரு கட்சியின் சாயலும் இருக்கும்.

மாணவர் பேரவை அப்படி இல்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கிற எல்லா மாணவ-மாணவிகளுக்கும் சேர்த்து ஒரே பேரவை. எல்லோருக்கும் ஓட்டு உண்டு. ஓட்டில் ஜெயித்தவர்கள், தங்களுக்கு ஓட்டுப் போடாதவர்களுக்கும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

பேக்டரியில் பல யூனியன்கள் இருக்கும். ஆனால் ஓட்டெடுப்பில் ஜெயித்த யூனியனைத்தான் பேச்சுவார்த்தைக்கு கூப்பிடுவார்கள் இல்லையா? ஏறக்குறைய அது மாதிரிதான் இதுவும்.

ரூம் வாடகையில் பிறந்தது

இந்தக் கதை தொடங்கியது சுமார் 800 வருஷத்துக்கு முன்னால், இத்தாலி நாட்டில் உள்ள போலோனா நகரத்தில்.

உலகத்தின் மிகப் பழமையான பல்கலைக்கழகங்களில் ஒன்று அங்கே இருக்கிறது. 1088-ம் ஆண்டு தொடங்கியதாக கணக்கு சொல்வார்கள். பல நாடுகளில் இருந்து சட்டம் படிக்க அங்கே மாணவர்கள் வந்தார்கள். வெளியூர் பசங்க என்றதும் உள்ளூர்க்காரர்கள் ரூம் வாடகையையும், சாப்பாட்டு விலையையும் கண்டபடி ஏற்றினார்கள்.

தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தார்கள். வேலைக்கு ஆகவில்லை. பிறகு எல்லோரும் சேர்ந்து சங்கம் வைத்தார்கள். "வாடகையை குறைக்காவிட்டால் மொத்தமாக ஊரை காலி பண்ணிட்டுப் போயிடுவோம்" என்றார்கள். ஊரே மாணவர்களை நம்பித்தானே பிழைக்கிறது? வழிக்கு வந்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. அடுத்து ஆசிரியர்கள் பக்கம் திரும்பினார்கள். அந்தக் காலத்தில் மாணவர்கள் கொடுக்கும் காசில்தான் ஆசிரியர்களுக்கு சம்பளம். அதனால் வகுப்புக்கு லேட்டாக வந்தால் ஆசிரியருக்கு அபராதம். 5 மாணவர்கள்கூட கேட்க வரவில்லை என்றால் அன்றைக்கு அவருக்கு ஆப்சென்ட். ஊரை விட்டு வெளியே போவதானால் திரும்பி வருவேன் என்று பணம் கட்டிவிட்டுப் போக வேண்டும்!

அங்கே 'ரெக்டர்' என்ற தலைமைப் பதவிக்கும் மாணவர்கள் தங்களுக்குள்ளேயே ஒருவரை தேர்ந்தெடுத்தார்கள். 'மாணவர் ஆட்சி' என்ற சொல்லுக்கு முதல் உதாரணம் இதுதான்.

இப்போது நாம் பார்க்கிற மாதிரியான மாணவர் பேரவை வந்தது மிகவும் பிறகு. 1884-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மாணவர் பிரதிநிதிகள் கவுன்சில் தொடங்கப்பட்டது. 1889-ல் ஸ்காட்லாந்து பல்கலைக்கழகங்களுக்கான சட்டத்திலேயே அதற்கு இடம் கொடுத்தார்கள்.

யூனியனில் இருந்து பிரதமர் நாற்காலிக்கு

வெள்ளைக்காரன் ஆட்சியில் இந்தியாவுக்கு கல்லூரிகள் வந்தபோது, மாணவர் யூனியனும் கூடவே வந்தது. முதலில் அது பெரும்பாலும் பேச்சுப்போட்டி, விவாதம் நடத்துகிற மன்றமாகத்தான் இருந்தது. சுதந்திரப் போராட்டம் சூடு பிடித்ததும், பேச்சு மேடை அரசியல் மேடை ஆனது.

வட இந்தியாவில் இதற்குப் பெயர்போனது அலகாபாத் பல்கலைக்கழக மாணவர் யூனியன். அங்கே துணைத்தலைவராக இருந்தவர் வி.பி.சிங். பின்னால் பிரதமராகி, 1990-ல் பிற்படுத்தப்பட்டோருக்கு மத்திய அரசு வேலையில் 27 சதவீத இடஒதுக்கீட்டை அறிவித்தவர் இவர்தான்.

1973-ல் பாட்னா பல்கலைக்கழக மாணவர் யூனியன் தலைவராக வந்தவர் லாலு பிரசாத். அதே யூனியனில் பொதுச்செயலாளராக இருந்தவர் சுஷில்குமார் மோடி. ஒருவர் பீகார் முதல்-மந்திரி ஆனார். இன்னொருவர் துணை முதல்-மந்திரி ஆனார். பின்னால் இரண்டு பேரும் எதிரெதிர் அணி ஆனார்கள்!

டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 1977-ல் நடந்தது இன்றைக்கும் பேசப்படுகிறது. எமர்ஜென்சி முடிந்து, தேர்தலில் தோற்ற பிறகும் இந்திரா காந்தி அந்தப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவே இருந்தார். மாணவர் யூனியன் தலைவர் சீதாராம் யெச்சூரி தலைமையில் மாணவர்கள் அவர் வீட்டுக்கே ஊர்வலமாகப் போனார்கள். வெளியே வந்த இந்திராவின் பக்கத்தில் நின்றுகொண்டு, அவர் ராஜினாமா செய்ய வேண்டும் என்ற கோரிக்கை மனுவை யெச்சூரி படித்தார். அதன் பிறகு இந்திரா வேந்தர் பதவியை விட்டு விலகினார். சென்னையில் பிறந்த யெச்சூரி பின்னாளில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்டு கட்சியின் பொதுச்செயலாளர் ஆனார் என்பது குறிப்பிடத்தக்கது.

கும்பகோணத்து தண்ணீர்ப் பானை

டெல்லி கதை கிடக்கட்டும். நம்ம டெல்டாவில் மாணவர் இயக்கம் எங்கே முளைத்தது? கும்பகோணத்தில், ஒரு தண்ணீர்ப் பானையில்!

1940-களில் கும்பகோணம் அரசு கல்லூரி விடுதியில் பிராமண மாணவர்களுக்கு ஒரு பானை, மற்றவர்களுக்கு வேறு பானை என்று இருந்தது. அதை எதிர்த்து கிளம்பிய மாணவர்கள்தான் 1943-ல் திராவிட மாணவர் கழகத்தை தொடங்கினார்கள். அதே காலத்தில் திருவாரூரில் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மு.கருணாநிதி, தமிழ் மாணவர் மன்றம் என்ற அமைப்பை நடத்தினார்.

அடுத்து 1965. இந்தி எதிர்ப்புப் போராட்டம். ஜனவரி 27-ந் தேதி சிதம்பரத்தில் ஊர்வலமாக வந்த அண்ணாமலை பல்கலைக்கழக மாணவர்கள் மீது போலீசார் துப்பாக்கிச்சூடு நடத்தினர். ராஜேந்திரன் என்ற மாணவர் குண்டு பாய்ந்து இறந்தார். அவருக்கு சிதம்பரத்தில் சிலை இருக்கிறது.

அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்ற மாணவர் தலைவர்களில் ஒருவர் பெ.சீனிவாசன். 1967 தேர்தலில் விருதுநகரில் தி.மு.க. வேட்பாளராக நின்றார். எதிரே நின்றது காமராஜர்! சீனிவாசன் 1,285 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஒரு மாணவர் தலைவரிடம் இத்தனை பெரிய தலைவர் தோற்றதை நாடே வாயைப் பிளந்து பார்த்தது.

மாணவர் எழுச்சியில் ஆட்சிக்கு வந்த தி.மு.க.வுக்கும் மாணவர்களால் சிக்கல் வந்தது. 1971-ல் முதல்-அமைச்சர் கருணாநிதிக்கு அண்ணாமலை பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தபோது மாணவர்களில் ஒரு பகுதியினர் எதிர்த்தனர். போலீஸ் தடியடி நடந்தது. உதயகுமார் என்ற மாணவர் குளத்தில் பிணமாக மிதந்தார். விசாரணை கமிஷன் வைக்கும் அளவுக்கு அது பெரிய விவகாரம் ஆனது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆட்சியில் எந்தக் கட்சி இருந்தாலும், வெளியில் இருக்கும்போது மாணவர்களை தட்டிக்கொடுப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் மாணவர்களைப் பார்த்து பயப்படுவார்கள்.

காரைக்காலுக்கு காலாப்பட்டு வந்த கதை

1954 நவம்பர் 1-ந் தேதி வரை காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. பிறகும் இங்கே கல்லூரிகள் வந்தபோது அவை சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழேதான் நடந்தன. பட்டம் வாங்குவது சென்னையில். ஆட்சி நடப்பது புதுச்சேரியில். வீடு இருப்பது காரைக்காலில்!

1979 ஜனவரியில் புதுச்சேரியை தமிழ்நாட்டோடு இணைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. அப்போது மொரார்ஜி தேசாய் பிரதமர். புதுச்சேரியும் காரைக்காலும் கொந்தளித்தன. மாணவர்களும் தெருவில் இறங்கினார்கள். துப்பாக்கிச்சூடு வரை போனது. இணைப்பு பேச்சு கைவிடப்பட்டது.

அதன் பிறகு, 1985-ல் பாராளுமன்றத்தில் தனிச்சட்டம் போட்டு புதுச்சேரி பல்கலைக்கழகம் உருவானது. மத்திய பல்கலைக்கழகமான இதன் தலைமை இடம் புதுச்சேரிக்கு வடக்கே காலாப்பட்டு. காரைக்கால் கல்லூரிகளும் இதன் கீழ் வந்தன. காரைக்காலிலும் இதற்கு ஒரு வளாகம் இருக்கிறது.

மத்திய பல்கலைக்கழகம் என்பதால் கேரளா, வடமாநிலம், வடகிழக்கு என்று எல்லா பக்கமும் இருந்து பிள்ளைகள் வருகிறார்கள். உள்ளூர் பிள்ளைகளுக்கு சில படிப்புகளில் மட்டும்தான் 25 சதவீத இடஒதுக்கீடு. எல்லா படிப்புக்கும் வேண்டும் என்பது புதுச்சேரி, காரைக்கால் மக்களின் பல ஆண்டு கோரிக்கை.

அதனால் காரைக்காலில் இருந்து 140 கிலோமீட்டர் போய் அங்கே சேருகிற பிள்ளைக்கு பேரவை முக்கியம். வளாகத்துக்குள்ளே நம்ம ஊர் பிள்ளைகள் கை எண்ணிக்கையில் குறைவு. ஓட்டுப் போட்டு ஒரு பிரதிநிதி இருந்தால்தான் குரல் வெளியே கேட்கும்.

கோர்ட்டு ஏன் தலையிட்டது?

1980, 90-களில் மாணவர் தேர்தல் பல மாநிலங்களில் கெட்டுப் போனது. பணம் புகுந்தது. ஜாதி புகுந்தது. கத்தியும் கட்டையும் புகுந்தன. 30 வயது தாண்டியும் கல்லூரியை விட்டுப் போகாத 'மாணவர்' தலைவர்கள் இருந்தார்கள். பல மாநிலங்களில் தேர்தலையே நிறுத்தினார்கள்.

கேரளாவில் இருந்து போன ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2005 டிசம்பரில் ஒரு உத்தரவு போட்டது. அதன்படி மத்திய அரசு ஒரு கமிட்டி அமைத்தது. தலைவர், முன்னாள் தலைமை தேர்தல் கமிஷனர் ஜே.எம்.லிங்டோ. 2006 மே மாதம் அறிக்கை வந்தது.

அந்த ஆகஸ்டு மாதம் நாடே அதிர்ந்த சம்பவம் ஒன்று. மத்தியபிரதேச மாநிலம் உஜ்ஜயினியில் மாணவர் தேர்தல் தகராறின்போது நடந்த தாக்குதலில் பேராசிரியர் சபர்வால் என்பவர் உயிரிழந்தார். அடுத்த மாதமே, 2006 செப்டம்பர் 22-ந் தேதி, லிங்டோ கமிட்டி விதிகளை எல்லா பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் கடைபிடிக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

லிங்டோ விதிகள் என்ன?

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கிய விதிகள் வருமாறு:-

* வயது: பட்டப்படிப்பு படிப்பவர் 17 முதல் 22 வயதுக்குள் இருக்க வேண்டும். முதுநிலை படிப்புக்கு அதிகபட்சம் 24 அல்லது 25. ஆராய்ச்சி மாணவருக்கு 28. தொழிற்படிப்புகளுக்கு கொஞ்சம் தளர்வு உண்டு.

* வருகைப்பதிவு: 75 சதவீதம் இருந்தால்தான் நிற்க முடியும்.

* அரியர்: தேர்தலில் நிற்கும் ஆண்டில் அரியர் இருக்கக்கூடாது.

* கேஸ்: குற்ற வழக்கில் தண்டனை பெற்றவரும், கல்லூரி ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவரும் நிற்க முடியாது.

* செலவு: ஒரு வேட்பாளர் அதிகபட்சம் ரூ.5 ஆயிரம்தான் செலவு செய்யலாம். கட்சியிடம் பணம் வாங்கக் கூடாது. ரிசல்ட் வந்த 2 வாரத்துக்குள் கணக்கு கொடுக்க வேண்டும். கூடுதலாக செலவு செய்தது தெரிந்தால் ஜெயித்தது செல்லாது.

* விளம்பரம்: அச்சடித்த போஸ்டர், பிட் நோட்டீஸ் கூடாது. கையால் எழுதிய போஸ்டர் மட்டும். அதுவும் ஒதுக்கிய இடத்தில்தான். மைக் செட், வண்டி ஊர்வலம் கிடையாது.

* நாட்கள்: கல்வி ஆண்டு தொடங்கி 6 முதல் 8 வாரத்துக்குள் தேர்தல் நடக்க வேண்டும். மனுத்தாக்கல் முதல் ரிசல்ட் வரை 10 நாளைக்குள் முடிக்க வேண்டும்.

* வாய்ப்பு: தலைவர், செயலாளர் போன்ற பதவிக்கு ஒருவர் ஒரு தடவைதான் நிற்கலாம். செயற்குழு உறுப்பினர் பதவிக்கு 2 தடவை.

* புகார்: தேர்தல் புகாரை விசாரிக்க ஒவ்வொரு கல்லூரியிலும் குறைதீர்ப்பு குழு இருக்க வேண்டும்.

கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பிளக்ஸ் வைக்கிற ஊரில், கையெழுத்து போஸ்டர் மட்டும் என்பது சிரிப்பாக இருக்கலாம். ஆனால் இந்த விதியால் லாபம் யாருக்கு? கையில் காசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்குத்தான். ஒரு சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் வாங்க முடிந்தால் அவனும் நிற்கலாம்.

இந்த விதிகள் கறாராக இருப்பதாக எதிர்ப்பும் உண்டு. டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் தேர்தலை மாணவர்களே நடத்துவது வழக்கம். லிங்டோ விதியை மீறியதாக 2008-ல் அங்கே தேர்தலுக்கு சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டது. 2012-ல்தான் மறுபடியும் தேர்தல் நடந்தது.

காலாப்பட்டில் எப்படி?

புதுச்சேரி பல்கலைக்கழகத்தில் நடந்த பேரவைத் தேர்தல்கள் இரண்டு கட்டம் கொண்டவை. முதலில் மாணவ-மாணவிகள் தங்கள் துறைக்கு ஓட்டுப் போட்டு பிரதிநிதியை தேர்ந்தெடுப்பார்கள். பிறகு அந்தப் பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டு தலைவர், செயலாளர் உள்ளிட்ட நிர்வாகிகளை தேர்ந்தெடுப்பார்கள். வார்டு கவுன்சிலர்கள் சேர்ந்து சேர்மனை தேர்ந்தெடுக்கிற மாதிரி!

எஸ்.எப்.ஐ., ஏ.பி.வி.பி., அம்பேத்கர் மாணவர் சங்கம் என்று பல அமைப்புகள் அங்கே உண்டு. 2019-ம் ஆண்டு தேர்தலில் எஸ்.எப்.ஐ. தலைமையிலான அணி ஜெயித்தது. 2020 பிப்ரவரியில் கட்டண உயர்வை எதிர்த்து அந்தப் பேரவைதான் போராட்டம் நடத்தியது. அதற்கு முன்னால் 2015-ல், அப்போதைய துணைவேந்தரை மாற்றக் கோரி பெரிய போராட்டம் நடந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு அவரை கட்டாய காத்திருப்பில் வைத்தது.

இதில் யார் செய்தது சரி, யார் செய்தது தப்பு என்று ஆளுக்கு ஒரு கருத்து இருக்கலாம். ஆனால் பீஸ் என்றதும் அங்கே கேட்பதற்கு ஓட்டு வாங்கிய ஒரு ஆள் இருந்தார் என்பதுதான் விஷயம்.

திருவாரூரில் வேற கணக்கு

காரைக்காலில் இருந்து பக்கத்திலேயே இன்னொரு மத்திய பல்கலைக்கழகம் இருக்கிறது. திருவாரூர் நீலக்குடியில் உள்ள தமிழ்நாடு மத்திய பல்கலைக்கழகம். 2009-ம் ஆண்டு மத்திய பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி தொடங்கியது.

அந்தச் சட்டத்திலேயே மாணவர் பேரவை பற்றி எழுதி இருக்கிறார்கள். 20 பேரை மாணவர்கள் ஓட்டுப் போட்டு தேர்ந்தெடுக்கலாம். இன்னொரு 20 பேரை படிப்பு, விளையாட்டு, திறமை பார்த்து பல்கலைக்கழகமே நியமிக்கும். பேரவைக்கு தலைவர் யார் தெரியுமா? மாணவர் நல டீன், அதாவது ஒரு பேராசிரியர்! படிப்பு, மாணவர் நலன் பற்றி யோசனை சொல்லலாம்.

பாதி ஓட்டு, பாதி நியமனம். தலைவர் நாற்காலி நிர்வாகத்துக்கு. இதை 'சண்டை இல்லாத ஏற்பாடு' என்று சொல்பவர்களும் உண்டு. 'தலையாட்டுகிற ஏற்பாடு' என்று சொல்பவர்களும் உண்டு.

நியமனம் பற்றி லிங்டோ கமிட்டி தெளிவாக சொல்லி இருக்கிறது. சூழ்நிலை சரியில்லாத இடத்தில் தற்காலிகமாக நியமனம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் 5 வருஷத்துக்குள் தேர்தலுக்கு மாறிவிட வேண்டும் என்பதே அதன் பரிந்துரை.

தேர்தல் இல்லாட்டி 'ரூட்டு தல'

"தேர்தலே வேண்டாம், தொல்லை விட்டது" என்று நினைப்பவர்கள் சென்னையைப் பார்க்க வேண்டும். அங்கே பஸ் ரூட்டுக்கு ஒரு 'தல'. பஸ் கூரையில் ஏறுவது, பட்டாக்கத்தியோடு மோதுவது, 'பஸ் டே' என்று ரோட்டை மறிப்பது. போலீசார் பிடித்து, மன்னிப்புக் கடிதம் வாங்குவதும் வாடிக்கை.

இந்த 'ரூட்டு தல'யை ஓட்டுப் போட்டு தேர்ந்தெடுத்தது யார்? யாரும் இல்லை. அவருக்கு வருகைப்பதிவு விதி உண்டா? வயது விதி உண்டா? கணக்கு கேட்க முடியுமா? முடியாது.

பசங்க கூடுகிற இடத்தில் தலைவன் என்று ஒருத்தன் வரத்தான் செய்வான். ஓட்டில் வந்தால் அவனை அடுத்த வருஷம் மாற்றலாம். கத்தியில் வந்தால் மாற்ற முடியாது.

குறையும் இருக்கு

பேரவை இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வதற்கில்லை.

வெளிக்கட்சிகள் உள்ளே கை நீட்டுவது நிற்கவில்லை. ரூ.5 ஆயிரம் வரம்பு பல ஊர்களில் பேப்பரில் மட்டும்தான். ஜாதி பார்த்து, மாநிலம் பார்த்து ஓட்டு விழுவதும் நடக்கிறது. தலைவர் பதவிக்கு மாணவிகள் வருவது இன்னும் குறைவு. போராட்டம் நீண்டால் வகுப்பு கெடும். முன்னால் நிற்கும் பிள்ளைக்கு சஸ்பெண்டு, கேஸ் என்று தொல்லை வரும். பெற்றோரின் பயம் இதில்தான்.

ஆனால் இதெல்லாம் பஞ்சாயத்து தேர்தலிலும், சட்டசபைத் தேர்தலிலும் இல்லையா? அதற்காக ஓட்டே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. 1989-ல் ஓட்டுரிமை வயது 21-ல் இருந்து 18 ஆக குறைக்கப்பட்டது. நாட்டின் பிரதமரை முடிவு செய்யலாம் என்று சொன்ன பிள்ளையிடம், ஹாஸ்டல் மெஸ் பற்றி மட்டும் பேசாதே என்றால் அது நியாயமா?

கவுன்சிலர் இல்லாத ஊரு

காரைக்காலுக்கு இது கொஞ்சம் அதிகமாகவே பொருந்தும்.

பிரெஞ்சுக்காரன் காலத்தில் 1880-லேயே இங்கே கம்யூன்களுக்கு தேர்தல் வந்துவிட்டது. 'மேர்' என்று ஊருக்குத் தலைவர் இருந்தார். 1954 அக்டோபர் 18-ந் தேதி கீழூரில், இந்தியாவோடு சேரலாமா என்று ஓட்டுப் போட்டதும் மக்கள் தேர்ந்தெடுத்த 178 பேர்தான். 170 பேர் சேரலாம் என்றார்கள். 8 பேர் வேண்டாம் என்றார்கள். இந்தப் பகுதியின் தலையெழுத்தையே கவுன்சிலர்கள்தான் முடிவு செய்தார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் 1968-க்குப் பிறகு 38 வருஷம் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. 2006-ல் நடந்தது. 2011-ல் பதவிக்காலம் முடிந்தது. 2021-ல் அறிவித்த தேர்தலும் நின்றுபோனது. ஒரு நகராட்சியும், 5 கொம்யூன் பஞ்சாயத்தும் உள்ள காரைக்காலில், குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் போய்க் கேட்க கவுன்சிலர் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள்தான் இன்றைக்கு கல்லூரிக்குப் போகிறார்கள்.

பக்கத்தில் இருக்கிறவனை ஓட்டுப் போட்டு தேர்ந்தெடுப்பது, தப்பு செய்தால் நேருக்கு நேர் கேட்பது, அடுத்த தடவை மாற்றுவது - இதை அவர்கள் ஊரில் பார்த்ததில்லை. கல்லூரியிலும் இல்லை என்றால் வேறு எங்கே கற்றுக்கொள்வார்கள்?

அட்மிஷன் போடும்போது கேளுங்க

பிள்ளையை கல்லூரியில் சேர்க்கும்போது பீஸ், ஹாஸ்டல், பஸ் பற்றி கேட்கிற பெற்றோர், கூடவே இந்த 4 கேள்வியையும் கேட்கலாம்:-

1. இங்கே மாணவர் பேரவை இருக்கிறதா?

2. பிரதிநிதிகளை மாணவர்கள் தேர்ந்தெடுக்கிறார்களா, நிர்வாகம் நியமிக்கிறதா?

3. தேர்தல் வருஷா வருஷம் நடக்கிறதா?

4. குறைதீர்ப்பு குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? புகாரை யாரிடம் கொடுக்க வேண்டும்?

பதிலை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நாளைக்கு ஒரு பிரச்சினை என்று வந்தால், எந்தக் கதவை தட்டுவது என்று தெரியாமல் 140 கிலோமீட்டர் அலைய வேண்டியது இல்லை.

அடுத்த தடவை மகளோ, மகனோ வந்து "எலெக்சன்ல நிக்கப் போறேன்" என்றால், உடனே கோபப்பட வேண்டாம். "உனக்கு அரியர் இருக்கா? அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் இருக்கா? செலவுக்கு காசு யார் தர்றா?" என்று கேட்டுப் பாருங்கள்.

மூன்றுக்கும் நேர்மையான பதில் வந்தால், ஒரு சார்ட் பேப்பர் வாங்க காசு கொடுக்கலாம். தப்பே இல்லை.